கவரிங் லெட்டர்: விளம்பரம் கேட்டதற்குப் பதில் எழுதுங்கள்

ரெஸ்யூம் தயாரிக்க ஒரு வாரம் எடுத்துக்கொள்பவர்கள்கூட அதோடு சேர்த்து அனுப்பும் கவரிங் லெட்டருக்கு ஐந்து நிமிடம்தான் ஒதுக்குகிறார்கள். நெட்டில் கிடைத்த மாதிரியை எடுத்து, கம்பெனி பெயரை மட்டும் மாற்றி, 'ப்ளீஸ் ஃபைண்ட் மை ரெஸ்யூம் அட்டாச்ட்' என்று முடித்து அனுப்பிவிடுகிறார்கள். அப்படி ஒரு கடிதம் போனாலும் ஒன்றுதான், போகாவிட்டாலும் ஒன்றுதான்.

மெயிலைத் திறக்கும் எச்ஆருக்கோ முதலாளிக்கோ அந்த நேரத்தில் மூன்று கேள்விகள்தான் இருக்கும். நாம் கேட்ட வேலை இவருக்குத் தெரியுமா? எப்போது வந்து சேருவார்? ரெஸ்யூமில் இடிக்கிற ஏதாவது இருந்தால் அதற்குக் காரணம் என்ன? ஒரே ரெஸ்யூமைப் பத்து இடத்துக்கு அனுப்பலாம். கடிதத்தை அப்படி அனுப்ப முடியாது, ஏனென்றால் அது குறிப்பிட்ட ஒரு விளம்பரத்துக்கு எழுதும் பதில். இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

எங்கே தேவை, எங்கே தேவையில்லை

டிஎன்பிஎஸ்சி, வங்கித் தேர்வு போன்றவற்றில் ஆன்லைன் படிவம்தான் விண்ணப்பம். கவரிங் லெட்டருக்கு அங்கே வேலையே இல்லை. கேம்பஸ் இன்டர்வியூவிலும், நௌக்ரி போன்ற வேலைத் தளத்தில் ஒரே கிளிக்கில் விண்ணப்பிக்கும்போதும் பெரும்பாலும் தேவைப்படாது. ஆனால் கம்பெனியின் மெயில் முகவரிக்கு நேரடியாக அனுப்பும்போது, தனியார் பள்ளி, கல்லூரிகளுக்கு எழுதும்போது, தொண்டு நிறுவனங்களுக்கும் வெளிநாட்டு வேலைகளுக்கும் விண்ணப்பிக்கும்போது, தெரிந்தவர் மூலம் ரெஸ்யூம் போகும்போது கடிதம் கட்டாயம் வேண்டும். வேலை தேடி விளம்பரமே இல்லாத இடத்துக்கு எழுதுவதென்றால் கடிதம்தான் எல்லாமே.

முதல் வேலை: விளம்பரத்தைப் படிப்பது

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு கடைசிவரை அதையே வைத்துப் பார்க்கலாம். திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்று இப்படி விளம்பரம் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

'அக்கவுண்ட்ஸ் எக்ஸிக்யூட்டிவ் தேவை. பி.காம்., 2 முதல் 4 ஆண்டு அனுபவம். டேலி பிரைம், ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் நன்கு தெரிந்திருக்க வேண்டும். ஏற்றுமதி ஆவணங்கள் பற்றிய அறிவு விரும்பத்தக்கது. நல்ல கம்யூனிகேஷன். உடனடியாகச் சேரக்கூடியவர்களுக்கு முன்னுரிமை.'

ஒரு பேனாவை எடுத்து இதை மூன்றாகப் பிரியுங்கள். கட்டாயமாகக் கேட்பது: டேலி என்ற கணக்கு மென்பொருள், ஜிஎஸ்டி, 2 முதல் 4 ஆண்டு. இருந்தால் நல்லது என்பது: ஏற்றுமதி ஆவணங்கள். எல்லா விளம்பரத்திலும் வரும் ஒப்புக்குச் சொல்: நல்ல கம்யூனிகேஷன். மூன்றாவதைக் கடிதத்தில் தொடவே வேண்டாம். கடிதம் பிழையில்லாமல் இருந்தாலே கம்யூனிகேஷன் தெரிந்துவிடும். 'எனக்கு நல்ல கம்யூனிகேஷன் ஸ்கில் உண்டு' என்று எழுதினால் யாரும் நம்பப் போவதில்லை.

விளம்பரத்தில் எழுதாமல் விட்டதையும் கொஞ்சம் யோசியுங்கள். திருப்பூர் பனியன் கம்பெனி என்றால் எல்லா வேலையும் ஒரே கூரைக்குள் நடக்காது. நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், பிரின்டிங் ஓரிடம், தையல் இன்னோர் இடம் என்று துணி வெளியே போய்த் திரும்பும். அப்படிப் போகும் துணிக்கு ஜாப் ஒர்க் சலான் என்ற சீட்டுப் போடுவதும், போன கிலோவும் வந்த கிலோவும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதும் கணக்குப் பிரிவின் தலைவலி. விளம்பரத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அது உங்களுக்குத் தெரியும் என்று ஒரு வரி எழுதினால், படிப்பவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார். எந்தத் தொழிலிலும் இப்படி விளம்பரத்துக்குள் வராத அன்றாடத் தொல்லை ஒன்று இருக்கும். அந்தத் தொழிலில் இருப்பவர் ஒருவரிடம் பத்து நிமிடம் பேசினால் தெரிந்துவிடும்.

இரண்டாவது வேலை: ஒவ்வொன்றுக்கும் சான்று

ஒரு வெள்ளைத் தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் அவர்கள் கேட்டது. வலப்பக்கம் நீங்கள் செய்தது. வலப்பக்கத்தில் குணங்களை எழுதாதீர்கள். செய்த காரியத்தை எழுதுங்கள். என்ன செய்தேன், எவ்வளவு செய்தேன், எதை வைத்துச் செய்தேன், அதனால் என்ன ஆனது. இந்த நான்கில் குறைந்தது மூன்று இருந்தால்தான் அது சான்று.

'ஜிஎஸ்டியில் நல்ல அனுபவம் உண்டு' என்பது சான்றாகாது. 'ஜிஎஸ்டிஆர்-2பி வந்ததும் கொள்முதல் பதிவேட்டோடு ஒப்பிட்டு, விடுபட்ட பில்லுக்கு சப்ளையரைக் கூப்பிட்டுப் பேசி, 20-ஆம் தேதிக்குள் 3பி தாக்கல் செய்கிறேன்' என்பதுதான் சான்று. சப்ளையர்கள் காட்டிய பில்களின் பட்டியலான 2பி மாதா மாதம் 14-ஆம் தேதி வருகிறது, வரி கட்டும் ரிட்டர்னான 3பி-க்கு 20-ஆம் தேதி கெடு. இடையில் இருக்கும் ஆறு நாளில் என்ன பாடுபட வேண்டும் என்பது அந்த வேலையைச் செய்தவருக்குத்தான் தெரியும். படிப்பவருக்கும் தெரியும். அந்த ஒரு வாக்கியம் ஒரு பக்கப் பெருமையைவிட எடை கூடியது.

எண்களைப் போடுங்கள், ஆனால் கேட்டால் விளக்கத் தெரிந்த எண்ணாக இருக்கட்டும். மாதத்துக்கு எத்தனை பில், எத்தனை ஜிஎஸ்டி பதிவு எண், எத்தனை ஊழியருக்கு பிஎஃப், எத்தனை வகுப்பு, எத்தனை படுக்கை கொண்ட வார்டு. 'செயல்திறனை 40 சதவீதம் உயர்த்தினேன்' என்று எழுதிவிட்டு, எதில் 40 என்று இன்டர்வியூவில் கேட்டதும் விழிப்பவர்கள் நிறைய. கம்பெனியின் ரகசியமான விற்றுமுதல், வாடிக்கையாளர் பெயர் ஆகியவற்றை எழுதாதீர்கள். பழைய கம்பெனி விஷயத்தை இங்கே சொல்பவர் நாளை இங்குள்ளதை வேறெங்கோ சொல்வார் என்றுதான் நினைப்பார்கள்.

தாளில் ஐந்தாறு சான்று வந்தால், கட்டாயப் பட்டியலில் உள்ளவற்றுக்குப் பொருந்தும் இரண்டையோ மூன்றையோ மட்டும் கடிதத்துக்கு எடுங்கள். மற்றது ரெஸ்யூமில் இருக்கட்டும்.

கடிதம்

மொத்தம் நான்கு பத்தி. ஆங்கிலத்தில் 200 முதல் 300 சொல்லுக்குள். ஏ4 தாளில் முக்கால் பக்கம் தாண்டக் கூடாது. நம் ஊர் கம்பெனிகளுக்குக் கடிதம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் போகும். கீழே உள்ள மாதிரியைத் தமிழில் தருகிறோம். சொற்களை அப்படியே மொழிபெயர்க்க வேண்டாம். ஒவ்வொரு வாக்கியமும் என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். விண்ணப்பிப்பவர் ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்த வியாபார நிறுவனத்தில் மூன்று ஆண்டாக வேலை செய்பவர் என்று வைத்துக்கொள்வோம்.

மெயில் தலைப்பு: அக்கவுண்ட்ஸ் எக்ஸிக்யூட்டிவ், திருப்பூர் – 3 ஆண்டு டேலி, ஜிஎஸ்டி அனுபவம் – 30 நாளில் சேரலாம்

'ஐயா / அம்மா,

திருப்பூர் அலுவலகத்துக்கு அக்கவுண்ட்ஸ் எக்ஸிக்யூட்டிவ் தேவை என்ற உங்கள் விளம்பரத்தைப் பார்த்து எழுதுகிறேன். ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்த வியாபார நிறுவனத்தில் மூன்று ஆண்டுகளாகக் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். டேலி பிரைமில் பில் ஏற்றுவது முதல் ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் வரை நானே செய்கிறேன்.

மாதம் சுமார் 400 கொள்முதல், விற்பனை பில்கள் என் கையில் போகின்றன. 2பி-யைக் கொள்முதல் பதிவேட்டோடு ஒப்பிட்டு, விடுபட்டவற்றை சப்ளையர்களிடம் கேட்டுச் சரிசெய்து தாக்கல் செய்கிறேன். இந்தப் பொறுப்பு என்னிடம் வந்த இரண்டு ஆண்டுகளில் தாமதக் கட்டணம் கட்டியதில்லை. சாயப்பட்டறைக்கும் தையல் யூனிட்டுக்கும் போகும் துணிக்கு ஜாப் ஒர்க் சலான் போடுவதும், திரும்பிவந்த எடையைச் சரிபார்ப்பதும் என் வேலைதான்.

ஷிப்பிங் பில்லை நான் நேரடியாகத் தயாரித்ததில்லை. கடந்த ஆண்டு எங்கள் நிறுவனம் எல்யூடி-யின் கீழ் அனுப்பிய சரக்குகளுக்கு இன்வாய்ஸும் பேக்கிங் லிஸ்ட்டும் போட்டு, ஜிஎஸ்டிஆர்-1-இல் 6ஏ அட்டவணையில் ஏற்றியிருக்கிறேன். கஸ்டம்ஸ் ஏஜென்ட் கேட்கும் விவரங்களைத் தொகுத்துக் கொடுத்த அனுபவமும் உண்டு.

என் நோட்டீஸ் காலம் 30 நாள். திருப்பூரில் தங்கி வேலை செய்வேன். நேர்முகத்துக்கு எந்த வேலைநாளிலும் வரலாம். ஒரு நாள் முன்பு சொன்னால் போதும். ரெஸ்யூமை இணைத்துள்ளேன்.'

இதன் கீழே பெயர், வாட்ஸ்அப் உள்ள ஃபோன் எண், ஊர். அவ்வளவுதான்.

முதல் பத்தியில் எந்த வேலை, எதைப் பார்த்து எழுதுகிறீர்கள், நீங்கள் யார் என்பது இரண்டு மூன்று வரியில் முடிந்துவிட்டது. 'நான் இன்னார், இன்ன கல்லூரியில் இன்ன ஆண்டு பட்டம் பெற்றேன்' என்று தொடங்குவது பழைய வழக்கம். பெயர் மெயிலிலேயே இருக்கிறது, கல்லூரி ரெஸ்யூமில் இருக்கிறது. ஃபோனில் மெயில் வரும்போது தலைப்பும் முதல் வரியும்தான் திரையில் தெரியும். அந்த இடத்தை வீணடிக்கக் கூடாது.

மூன்றாவது பத்தியைத்தான் பலர் எழுதப் பயப்படுகிறார்கள். விளம்பரம் கேட்ட ஒன்று நம்மிடம் இல்லையென்றால் இரண்டு தவறுகள் நடக்கும். ஒன்று, தெரியும் என்று அடித்துவிடுவது. முதல் ரவுண்டிலேயே 'எல்யூடி-யை எத்தனை நாளைக்கு ஒருமுறை புதுப்பிக்கணும்?' என்று கேட்டால் கதை முடிந்தது. ஜிஎஸ்டி கட்டாமல் ஏற்றுமதி செய்யக் கொடுக்கும் இந்த உறுதிக் கடிதத்தை ஒவ்வொரு நிதியாண்டுக்கும் புதிதாகப் போட வேண்டும் என்பது அந்த வேலை செய்தவருக்கு அத்துபடி. இரண்டாவது தவறு, 'எனக்கு ஏற்றுமதி அனுபவம் இல்லை, ஆனால் விரைவில் கற்றுக்கொள்வேன்' என்று மன்னிப்புக் கேட்பது. கற்றுக்கொள்வேன் என்று சொல்லாதவர் யார்? இல்லாததை ஒரே வரியில் சொல்லிவிட்டு, அதற்கு மிக அருகில் நீங்கள் செய்ததை அடுத்த வரியில் வையுங்கள். அருகில்கூட ஒன்றும் இல்லையென்றால், விரும்பத்தக்கது என்று போட்ட தகுதியைப் பற்றிப் பேசாமல் விட்டுவிடலாம். கட்டாயம் என்று போட்டதில் பாதிக்குமேல் இல்லையென்றால் அந்த வேலைக்கு விண்ணப்பிப்பதே நேர விரயம்.

நான்காவது பத்தியில் 'உங்கள் பதிலை ஆவலோடு எதிர்பார்க்கிறேன்' என்பதற்குப் பதில் அவர்களுக்குப் பயன்படும் தகவல் இருக்கிறது. எப்போது சேரலாம், எங்கே தங்குவீர்கள், எப்போது வரலாம். உடனடியாகச் சேர வேண்டும் என்று கேட்ட இடத்தில் 60 அல்லது 90 நாள் நோட்டீஸ் இருந்தால் மறைக்காதீர்கள். மறைத்தால் மூன்றாவது ரவுண்டில் தெரிந்து இருவருக்கும் நேரம் போகும். நோட்டீஸ் நாளுக்குப் பணம் கட்டி முன்பே விலகும் பை-அவுட்டுக்கு உங்கள் கம்பெனியில் வழி இருந்தால் அதைச் சொல்லுங்கள். ஏற்கெனவே ராஜினாமா செய்துவிட்டீர்கள் என்றால் கடைசி வேலைநாளின் தேதியைப் போடுங்கள். '15 நாள் மீதம்' என்று எழுதினால் மெயிலை அடுத்த வாரம் படிப்பவருக்கு அது குழப்பம்.

ரெஸ்யூம் எழுப்பும் கேள்விக்குக் கடிதம் பதில்

ரெஸ்யூமில் இடைவெளி இருந்தால் பார்ப்பவர் கண் நேராக அங்கேதான் போகும். விளக்கம் கொடுக்க அங்கே இடம் கிடையாது, கடிதத்தில் உண்டு. ஆனால் இரண்டு வாக்கியம் போதும். 'குழந்தை வளர்ப்புக்காக 2021 முதல் 2024 வரை வேலையில் இல்லை. இந்த ஆண்டு டேலி பிரைமில் பயிற்சி முடித்து, ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் பகுதி நேரமாக ரிட்டர்ன் வேலை செய்கிறேன்.' முதல் வாக்கியம் காரணம், இரண்டாவது இப்போதைய நிலை. காரணத்தை நீட்டினால் மன்னிப்புக் கேட்பதுபோல் ஆகிவிடும். நோய், குடும்பச் சூழல் என்றால் 'குடும்பக் காரணங்களால்' என்று நிறுத்திக்கொள்ளலாம். யாரும் கடிதத்தில் மருத்துவ அறிக்கையை எதிர்பார்ப்பதில்லை.

சென்னையிலிருந்து கோயம்புத்தூருக்கு விண்ணப்பித்தால், 'இவர் உண்மையில் வருவாரா' என்ற சந்தேகம் இருக்கும். சொந்த ஊர் அது, பெற்றோர் அங்கே இருக்கிறார்கள், இந்த மாதத்திலிருந்து அங்கே குடிபோகிறோம் என்று எது உண்மையோ அதை ஒரு வரியில் போடுங்கள். இப்போது இருக்கும் பதவியைவிடச் சிறிய பதவிக்குப் போனால் ஏன் என்று சொல்லுங்கள். துறை மாறினால், பழைய வேலையிலிருந்து புதியதற்கு எது கூட வருகிறது என்று சொல்லுங்கள்.

இப்போதைய கம்பெனியைப் பற்றிக் குறை மட்டும் வேண்டவே வேண்டாம். சம்பளம் தாமதம், மேனேஜர் தொல்லை, ஞாயிற்றுக்கிழமை வேலை எல்லாமே உண்மையாக இருக்கலாம். கடிதத்தில் வந்தால் குறை சொல்பவர் என்ற பெயர் உங்களுக்குத்தான்.

சம்பளம் பற்றி விளம்பரம் கேட்டிருந்தால் மட்டும் எழுதுங்கள். கேட்டிருந்தால் தவிர்க்காதீர்கள், கேட்ட விவரம் இல்லாத மெயிலைச் சிலர் அப்படியே ஒதுக்கிவிடுவார்கள். சிடிசி-யா, கையில் வாங்குவதா என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். சிடிசி-யில் கம்பெனி கட்டும் பிஎஃப் பங்கு, கிராஜுவிட்டி, போனஸ் எல்லாம் சேர்ந்திருக்கும். கையில் வருவது அதைவிடக் குறைவு. ஒருவர் ஒன்றை நினைத்து எழுத, மற்றவர் வேறொன்றை நினைத்துப் படிப்பதால் கடைசி நேரத்தில் சிக்கல் வருகிறது. எதிர்பார்ப்பை ஒரு வரம்பாகக் கொடுங்கள். ஆனால் கீழ் எல்லை உண்மையிலேயே உங்களுக்குச் சம்மதமான தொகையாக இருக்கட்டும், ஏனென்றால் பேச்சு அங்கிருந்துதான் தொடங்கும்.

எந்தச் சொல் வேண்டாம்

பள்ளியில் லீவ் லெட்டர் எழுதிய கையே கவரிங் லெட்டரையும் எழுதுகிறது என்பதுதான் பெரிய சிக்கல். 'ரெஸ்பெக்டட் சார்', 'வித் ரெஃபரன்ஸ் டு த அபவ்', 'ஐ ஹம்ப்ளி ரிக்வெஸ்ட்', 'கைண்ட்லி டு த நீட்ஃபுல்', 'யுவர்ஸ் ஒபீடியன்ட்லி' எல்லாம் அங்கிருந்து வந்தவை. வேலை கேட்பது கெஞ்சுவதில்லை. 'டியர் சர் ஆர் மேடம்' என்று தொடங்கினால் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி', பெயர் போட்டுத் தொடங்கினால் 'யுவர்ஸ் சின்சியர்லி'. பெயர் தெரிந்தால் போடுங்கள். லிங்க்ட்இனில் தேடினால் பல நேரம் கிடைக்கும். ஆணா பெண்ணா என்று பெயரை வைத்து ஊகிக்க வேண்டாம். தெரியாவிட்டால் முழுப் பெயரையே போட்டுவிடலாம்.

'ஹார்டு ஒர்க்கிங்', 'டெடிகேட்டட்', 'டீம் பிளேயர்', 'டைனமிக்' போன்றவற்றை அடித்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு சம்பவம் போட முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் வாக்கியத்தையே எடுத்துவிடுங்கள். தந்தை பெயர், மதம், சாதி, திருமண நிலை, 'மேற்கண்ட விவரங்கள் உண்மை என உறுதி கூறுகிறேன்' என்ற உறுதிமொழி ஆகியவையும் கடிதத்துக்குத் தேவையில்லை.

சாட்ஜிபிடி போன்றவற்றில் எழுதி வாங்குவோருக்கு ஒரு வார்த்தை. 'ஐ ஆம் த்ரில்ட் டு அப்ளை', 'ப்ரூவன் ட்ராக் ரெக்கார்ட்', 'அலைன்ஸ் பெர்ஃபெக்ட்லி வித் யுவர் விஷன்' ஆகியவை ஒரே நாளில் பத்து மெயிலில் வந்தால் படிப்பவருக்குத் தெரியாதா? நிரப்பாமல் விட்ட சதுர அடைப்புக்குறியோடு 'கம்பெனி பெயர்' என்றே அனுப்புபவர்களும் இருக்கிறார்கள். கோடு போட்டுப் பிரித்த தாளில் உள்ள சான்றுகளை நீங்களே எழுதிவிட்டு, இலக்கணம் திருத்த மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். நீங்கள் செய்யாத ஒன்றை அது சேர்த்திருக்கிறதா என்று வரிவரியாகப் பாருங்கள். சேர்க்கும்.

அனுப்பும் முறை

தனியாக அட்டாச் செய்யச் சொன்னால் ஒழிய, கடிதத்தை மெயிலின் உடம்பிலேயே எழுதுங்கள். மெயிலில் 'பிஎஃப்ஏ' (ப்ளீஸ் ஃபைண்ட் அட்டாச்ட்) என்று மட்டும் போட்டு இரண்டு ஃபைலை வைத்தால், இரண்டையும் திறக்கும் பொறுமை எல்லோருக்கும் இருக்காது. அட்டாச் செய்வதென்றால் பிடிஎஃப்பாக மாற்றி அனுப்புங்கள். வேர்டு ஃபைலைப் ஃபோனில் திறந்தால் வரிகள் கலையும். எழுத்தளவு 11, நான்கு பக்கமும் ஓர் அங்குல ஓரம், கறுப்பு எழுத்து. அலங்காரம் எதுவும் வேண்டாம். ஃபைலுக்கு 'நியூ ஃபைனல் 2' என்று பெயர் வைக்காதீர்கள். உங்கள் பெயரும் பதவியின் பெயரும் இருக்கட்டும், நூறு ஃபைலுக்கு நடுவே தேடினால் கிடைக்க வேண்டும்.

பெயரைச் சான்றிதழில் உள்ளபடியே எழுதுங்கள். இனிஷியல் மெயிலில் முன்னால், ரெஸ்யூமில் பின்னால், ஆதாரில் விரித்து என்று மூன்று விதமாக இருந்தால், ஆஃபர் லெட்டர் போடும் நேரத்தில் அலைச்சல். ஆதார், பான், மார்க் ஷீட் நகல்களை முதல் மெயிலில் அனுப்ப வேண்டாம். கேட்டால், யார் கேட்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு பிறகு கொடுங்கள்.

ஒரே மெயிலில் பத்து கம்பெனி முகவரிகளை வரிசையாகப் போட்டு அனுப்புவது விண்ணப்பத்தை நீங்களே குப்பையில் போடுவதற்குச் சமம். பழைய மெயிலை ஃபார்வர்டு செய்தால் தலைப்பில் அது தெரியும். உள்ளே பழைய கம்பெனி பெயரும் தங்கிவிடும். புதிதாகத் திறந்து எழுதுங்கள். முதலில் உங்களுக்கே அனுப்பி, ஃபோனில் திறந்து, ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்கும் இடத்தில் வாக்கியம் நீளம் என்று அர்த்தம். பெறுநர் முகவரியைக் கடைசியில் போடுவது நல்ல பழக்கம், அரைகுறையாக மெயில் போய்விடாது.

தபாலில் அனுப்பச் சொல்லும் பள்ளிகளும் சில அரசு சார்ந்த நிறுவனங்களும் இன்னும் உண்டு. பதவியின் பெயரை உறையின் மேல் எழுதச் சொல்லியிருந்தால் சொன்ன இடத்தில் எழுதுங்கள். பிரிக்காமலே அதை வைத்துத்தான் உறைகளை அடுக்குவார்கள்.

அனுபவம் இல்லாதவருக்கு

புதிதாகப் படித்து வந்தவர்களுக்கும் இதே தாள், இதே நடுக்கோடு. வலப்பக்கத்தில் புராஜெக்ட், இன்டர்ன்ஷிப், கடையில் அப்பாவுக்குக் கணக்குப் பார்த்தது, கல்லூரி விழாவுக்கு வசூல் செய்து வரவுசெலவு ஒப்படைத்தது எல்லாம் வரலாம். புராஜெக்ட்டின் நீளமான தலைப்பை எழுதாமல், நான்கு பேர் குழுவில் உங்கள் பங்கு என்ன என்று எழுதுங்கள். குழுவோடு சேர்த்து 'நாங்கள்' என்றே எழுதினால் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது தெரியாமல் போகும். அரியர் இருந்தால் அதையும் எப்போது எழுதுகிறீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். 'கற்றுக்கொள்ள ஒரு வாய்ப்பு தாருங்கள்' என்று முடிக்காதீர்கள். கம்பெனி ஆள் எடுப்பது தன் வேலை நடப்பதற்காக.

பள்ளி ஆசிரியர் வேலைக்கு எழுதுபவர்கள் எந்தப் பாடம், எந்த வகுப்பு வரை, எந்தப் பாடத்திட்டம், பி.எட். முடித்ததா, டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) தேர்ச்சி உண்டா என்பதை முதல் பத்தியிலேயே வைத்துவிடுங்கள். அதில் ஒன்று பொருந்தாவிட்டால் மீதியைப் படிக்கவே மாட்டார்கள். வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் எழுதும்போது விசா அல்லது பாஸ் நிலை, எப்போது பயணிக்க முடியும் என்பது இதே முக்கியத்துவம் கொண்டது.

தெரிந்தவர் சொல்லி அனுப்புவதென்றால் அவர் பெயரையும் பிரிவையும் முதல் வரியிலேயே போடுங்கள். முதலில் அவரிடம் கேட்டுவிட்டு. கேட்காமல் போட்டால், எச்ஆர் அவரைக் கூப்பிட்டு 'இவரைத் தெரியுமா?' என்று கேட்கும்போது அவர் தடுமாறுவார், அங்கேயே உங்கள் வாய்ப்பு போய்விடும்.

அனுப்பிய பிறகு

அனுப்பிய தேதி, கம்பெனி, பதவி, எந்தக் கடிதம் என்று ஒரு நோட்டிலோ எக்செல்லிலோ குறித்துவையுங்கள். மூன்று வாரம் கழித்துத் திடீரென்று ஃபோன் வரும்போது 'எந்த கம்பெனி சார்?' என்று கேட்கும்படி ஆகக் கூடாது.

கடைசித் தேதி குறிப்பிட்டிருந்தால் அதற்குப் பிறகு ஒரு வாரம், இல்லாவிட்டால் அனுப்பியதிலிருந்து ஒரு வாரம் முதல் பத்து நாள் பொறுங்கள். பிறகு அதே மெயிலுக்குப் பதிலாக மூன்று வரி எழுதுங்கள்: எந்தப் பதவி, எப்போது அனுப்பியது, இன்னும் ஆர்வமாக இருக்கிறேன். முழுக் கடிதத்தையும் மறுபடி ஒட்ட வேண்டாம், அது கீழேயே இருக்கிறது. இடையில் ஏதாவது மாறியிருந்தால், உதாரணமாக ரிலீவிங் தேதி உறுதியாகியிருந்தால், அதை இந்த மூன்று வரியில் சேருங்கள். நினைவூட்டலுக்கு ஒரு காரணமும் கிடைக்கும். எச்ஆரின் சொந்த வாட்ஸ்அப்புக்கு அவர் கொடுக்காமல் மெசேஜ் போடாதீர்கள். இரண்டாவது நினைவூட்டலுக்கும் பதில் இல்லையென்றால் அந்த வரிசையில் கோடு போட்டுவிட்டு, நோட்டில் அடுத்த விளம்பரத்துக்குப் போங்கள்.